ஜப்பான் காப்பு

நம் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. பேயை நம்பாது, பில்லி சூனியத்தை நம்பாது, ராகு காலம் பார்க்காது, குறுக்கே பூனை வந்தால் பூனைக்கு வழிவிட்டுவிட்டுத் தானும் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் மணிக்கட்டில் மட்டும் பளபளவென்று ஒரு காந்தக் காப்பு போட்டிருக்கும். அது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகச் சட்டைக் கையை இரண்டு மடிப்பு கூடுதலாக மடித்துவிட்டிருக்கும். நீங்கள் கேட்காவிட்டால் கையை நீட்டிச் சோம்பல் முறிக்கும். அதற்கும் மசியவில்லையா? "என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்று தானே ஆரம்பித்துவிடும்.

நர்ஸ் ராஜாத்தியின் கைகள் அன்று காலை அப்படிப்பட்ட ஒரு கையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஓர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம். புஜத்தில் ரப்பர் பட்டையைச் சுற்றி, ஒரு கையால் குமிழை அமுக்கிக்கொண்டே மறு கையால் நாடியைத் தேடினால், விரலுக்கு நாடி அகப்படவில்லை, காப்புதான் அகப்பட்டது.

கைக்குச் சொந்தக்காரர் துரைக்கண்ணு. ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர், நாலு வேலி நிலத்துக்காரர். இருபது வருடமாகக் கறுப்புச் சட்டை. அன்றைக்கு அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தை. நிலக்காரர்கள் தரப்பில் பேசப் போகிறவர் அவர். போகிற வழியில், மனைவி கமலாம்பாளின் நச்சரிப்பு தாங்காமல், ரத்தக்கொதிப்பு பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்.

"இதக் கழட்டுங்க செயலாளரே" என்றாள் ராஜாத்தி.

"இருக்கட்டும் நர்ஸம்மா. போட்டுக்கிட்டே பாருங்க. அப்பதான் எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு தெரியும்."

பாதரசத்துக்குக் கட்சி கிடையாது. போன மாதம் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. ராஜாத்தி சொன்னாள். அவர் மிஷின் பழசு என்றார். இது உங்கள் ஆட்சியில் வாங்கியதுதானே என்று அவள் கேட்டதற்கு, வாங்கியது எங்கள் ஆட்சி, செய்தது முந்தைய ஆட்சி என்றார். இந்த இனத்தாரிடம் இதுதான் விசேஷம். காப்பு தப்பு செய்யாது. தப்பு செய்வதற்கு உலகத்தில் மற்ற எல்லாம் இருக்கின்றன.

காப்பு வந்த கதை இது. சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர், இது ஜப்பானில் செய்தது, ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார். ஒரே வாரத்தில் துரைக்கண்ணுவுக்குத் தலைவலி விட்டது. தூக்கம் வந்தது. மாடிப்படி ஏறினால் இரைப்பதில்லை. எல்லாம் உண்மை, அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, மேடையில் தவிர.

ராஜாத்திக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நடவுக்குப் போய் இடுப்பொடிந்து வருகிற பெண்கள் ஊசி போட்டால்தான் வலி போகும் என்று நிற்பார்கள். டாக்டர் சிவப்பு வைட்டமின் ஊசி எழுதிக் கொடுப்பார். பஞ்சின் ஈரம் காய்வதற்குள் வலி போய்விடும். வந்த வலியும் பொய்யில்லை, போனதும் பொய்யில்லை. ஆனால் ரத்தக்கொதிப்பு வலிக்கிற வியாதி இல்லையே. தலை லேசாகிவிட்டது என்று தலை சொல்லும். தலைக்குள்ளே ஓடுகிற குழாய் என்ன பாடுபடுகிறது என்று தலைக்கே தெரியாது. அவர் காப்பு போட்டுக்கொண்டதோடு நின்றிருந்தால் ராஜாத்தி கவலைப்பட்டிருக்கமாட்டாள். மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அந்தக் காந்தம் நிஜமாகவே வேலை செய்தது ஒரே ஓர் இடத்தில்தான். அவருடைய கைக்கடிகாரத்தில். காப்புக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்த கடிகாரம் முதலில் கன்னாபின்னாவென்று ஓடியது, பிறகு நின்றது, தட்டினால் ஓடியது. கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிற காதர் மைதீன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே சுருளில் காந்தம் ஏறியிருக்கிறது, அந்தக் காப்பைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள் என்றார். வேறு யாராவது என்றால் காப்பைக் கழற்றியிருப்பார்கள். நம்மவரோ ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்: மூடி போட்ட கடிகாரத்துக்குள்ளேயே புகுந்த காந்தம், என் ரத்தத்துக்குள்ளே புகாதா? பிறகு கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டங்களுக்குத் தாமதமாக வர ஆரம்பித்தார். அதற்குப் பஸ்தான் காரணம்.

அவர் எழுந்து போனதும் பின்கட்டு வழியாகக் கமலாம்பாள் வந்தாள். அளவு என்ன என்று கேட்கவில்லை. ராஜாத்தியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வீட்டில் ஏற்கெனவே துரைக்கண்ணுவின் அண்ணன் இதே வியாதியில் பக்கவாதம் வந்து, வாய் கோணி, படுக்கையில் கிடக்கிறார். கஞ்சி ஊட்டுவதும், புரட்டிப் போடுவதும், துணி மாற்றுவதும் கமலாம்பாள்தான். பெண்ணுரிமை பற்றித் துரைக்கண்ணு ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஒரு மணி நேரமும் அவள் அவருடைய அண்ணனைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"ஒருத்தரத் தூக்கி உக்கார வைக்கவே என் இடுப்பு போச்சு நர்ஸம்மா" என்றாள். "ரெண்டாவது ஆளுக்கு எங்கிட்ட இடுப்பு இல்ல."

அழவில்லை. இடுப்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

பேச்சுவார்த்தை பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நடுவில். ஒரு பக்கம் நிலக்காரர்கள், அவர்களில் நெற்றி நிறையத் திருநீறோடு பெரிய பண்ணை பஞ்சநதம். எதிர்ப்பக்கம் சிவப்புக் கொடிச் சங்கத்து வீரையன், கூலி நெல்லில் அரைப்படி உயர்வு கேட்டு. இந்த வீரையனை, சங்கத்துக்குப் போகும் முன், தன் கட்சிக்குக் கொண்டுவந்தவரே துரைக்கண்ணுதான். ஐயா என்று கூப்பிடாதே, அண்ணன் என்று கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வீரையன் அதை மறக்கவில்லை. கூலி கேட்கும்போதும் அண்ணே என்றுதான் கேட்பார். அப்போது மட்டும் அந்த உறவு துரைக்கண்ணுவுக்குக் கசக்கும்.

கடிகாரத்தைப் பையிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்தபடி துரைக்கண்ணு தாமதமாக வந்து உட்கார்ந்தார். வழக்கம்போலச் சோம்பல் முறித்தார். கேட்கக் கூடாத ஆள் கேட்டுவிட்டார்.

"கையில என்னண்ணே அது?"

"காந்தம்ப்பா. ஜப்பான்ல செஞ்சது. ரத்தக்கொதிப்புக்கு."

"சின்ன வயசுல காய்ச்சலுக்குன்னு எங்கம்மா எனக்கு ஒரு தாயத்து கட்டுனுச்சு. நாகூர்ல மந்திரிச்சது. மேடைக்குக் கூப்புட்டு, எல்லாரும் கைதட்ட அறுத்துப் போட்டீங்களே."

"அது மூடநம்பிக்கை. இது விஞ்ஞானம்."

"அதுக்குள்ளயும் தகடுதாண்ணே இருந்துச்சு."

சங்கத்து ஆட்கள் சிரித்தால் பரவாயில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சிரித்தார். போகட்டும், அரசாங்கம். ஆனால் சொந்தத் தரப்பில், பக்கத்து நாற்காலியில், திருநீற்றோடு பஞ்சநதம் வயிறு குலுங்கச் சிரித்தாரே. துரைக்கண்ணு எழுந்து நின்றார். மந்திரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றிப் பேசத் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்தில் மூக்கிலிருந்து ரத்தம் வந்து வேட்டியில் சொட்டியது.

படுக்க வை என்றார் ஒருவர். தலையை அண்ணாத்து என்றார் ஒருவர். பஞ்சநதம் விபூதிப் பையை எடுத்தார். ரத்தம் நிற்காத நிலையிலும் துரைக்கண்ணு அதைக் கையால் தள்ளினாராம். கொள்கையில் உறுதி என்றால் அது. வீரையன்தான் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தெருக்கோடியிலிருந்த சுகாதார நிலையத்துக்கு நடத்திக் கூட்டி வந்தார். நடந்ததையெல்லாம் ராஜாத்தியிடம் சொன்னதும் அவரே.

"குனிஞ்சு உக்காருங்க. வாயால மூச்சு விடுங்க. பேசாதீங்க" என்றாள் ராஜாத்தி. மூன்றாவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மூக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வீரையனை நிறுத்தினாள். செயலாளரின் மூக்கைப் பிடிக்கும் வாய்ப்பு சங்கத்துக்காரர்களுக்கு எல்லா வருடமும் கிடைக்குமா? வீரையன் மனதார, அசையாமல் பிடித்தார். ஆனாலும் அவர் முகத்தில் பயம் இருந்தது.

"இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அடுத்துப் பேச வர்றது பஞ்சநதம்" என்று மெதுவாகச் சொன்னார். "அத நெனச்சா எனக்கே ரத்தக்கொதிப்பு வருது நர்ஸம்மா."

டாக்டர் வந்து பார்த்தார். இந்தத் தடவை மூக்கில் உடைந்தது, அடுத்த தடவை மூளையில் உடையலாம், மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். ரத்தம் நின்றது. மூக்கு விடுபட்டதும் துரைக்கண்ணு வாய் திறந்தார்.

"பாத்தீங்களா நர்ஸம்மா, கெட்ட ரத்தத்தக் காப்பு வெளிய தள்ளிடுச்சு."

வாசற்படியில், இடுப்பில் கை வைத்தபடி கமலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

ராஜாத்தி அவளை ஒரு முறை பார்த்தாள். வாதம் பண்ணி யாருடைய ரத்த அழுத்தமும் குறைந்ததாக அவள் அனுபவத்தில் இல்லை. அவர் கையிலிருந்து காப்பைக் கழற்றினாள். ரத்தக் கறை போகக் கழுவித் துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மரியாதையாகவே.

"இத எப்ப மாட்டுறீங்க?"

"காலையில குளிச்சதும்."

"மாத்திரை முழுங்காமலா?"

"இது இருக்கும்போது மாத்திரை எதுக்கு?"

"முதல்ல மாத்திரை, அப்புறந்தான் காப்பு. தெனமும். மாத்திரை போடாத அன்னைக்கு இதத் தொடவே கூடாது."

"அது ஏன் நர்ஸம்மா?"

"ஜப்பான்ல அப்படித்தான் போடுறாங்க."

கடவுளிடமே அத்தாட்சி கேட்ட மனிதர். சாமியாடியிடம் முகவரி கேட்டவர். ஜப்பானில் யார், எங்கே, எப்போது சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? முகம் தெளிந்தது. மைத்துனரைத் திட்டினார், இதைச் சொல்லாமல் விட்டானே என்று. வீரையன் சுவரிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணப் படத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை துரைக்கண்ணு குளித்தார். கமலாம்பாள் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். அவர் விழுங்கி, வாயைத் திறந்து காட்டியதும் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனவர் எதிரே கிடந்த நாற்காலிகள் நிரம்பும் முன்னரே வந்து உட்கார்ந்தார், அரைப்படி உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டார், மனம் இவ்வளவு அமைதியாக இருப்பது காப்பினால்தான் என்று பஞ்சநதத்திடம் விளக்கினார். பஞ்சநதம் அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டாராம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்துக்கொண்டே உங்கள் கை இப்போது எங்கே போயிற்று என்று பாருங்கள். மோதிரத்துக்கா, அரைஞாணுக்கா, வெளிநாட்டிலிருந்து மருமகன் வாங்கி வந்த இடுப்புப் பட்டைக்கா? உங்களுடையது வேறு, அதில் விஷயம் இருக்கிறது, அது ராஜாத்திக்கும் தெரியும்.

கையெழுத்தான கையோடு வீரையன் சுகாதார நிலையத்துக்கு வந்தார். நன்றி சொன்னார். போகாமல் நின்றார். ராத்திரியெல்லாம் தலை ஒரு மாதிரி கனத்துக் கிடந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஜப்பான் சாமான் இங்கே எங்கேயாவது கிடைக்குமா, தனக்கு இல்லை, தெரிந்த ஒருவருக்கு என்று கேட்டார்.

ராஜாத்தி அவரை உட்காரச் சொல்லி, ரப்பர் பட்டையை எடுத்துப் புஜத்தில் சுற்றினாள். அடுத்தது நீங்கள்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.