மோதிர விரலும் கோழி மருந்தும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஊட்டுப் பூனைக்குப் பூச்சி மாத்திரை குடுக்கணும்.

நான் நாமக்கல்ல கோழிப்பண்ணை சூப்பர்வைசர். ஆயிரக்கணக்குல கோழியப் புடிச்சு ஊசி போடறவன். ஒரு பூனை எனக்கு எம்மாத்திரம்!

கோழியப் புடிக்கற பழக்கத்துல, ரெண்டு கையாலயும் றெக்கைய அமுக்கப் போனேன். பூனைக்கு றெக்கை இல்லேங்கறது அப்பறம்தான் உறைச்சுது. அதுக்குள்ள வலது கை மோதிர வெரல்ல பல்லு எறங்கிருச்சு.

ரெண்டே ரெண்டு பொட்டு. ரத்தம்கூட சரியா வரல.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஆசுபத்திரிக்குப் போ சாமி. புதன்கெழம நிச்சயத்த வெச்சுக்கிட்டு வெளையாடாத"ன்னாங்க அம்மா.

"இதுக்கெல்லாமா? நானே பாதி டாக்டருதாம்மா!"

அந்தப் பாதி டாக்டர் என்ன பண்ணுனாரு? கோழிக்குத் தண்ணியில கலக்கற மருந்துப் பொடிய வெரல்ல தூவி, துணியச் சுத்திட்டுப் படுத்துட்டாரு.

திங்கக்கெழம காலையில வெரல் கத்தரிக்காயாட்டம் வீங்கியிருந்துச்சு. செவப்பு மணிக்கட்டு வரைக்கும் ஏறிருச்சு. காய்ச்சல் வேற. நிச்சயத்துக்கு வாங்கி வெச்ச மோதிரத்தப் போட்டுப் பாத்தேன். நகத்தத் தாண்டல! நெசமாவே பயந்துட்டேன்.

ஆசுபத்திரிக்கு ஓடுனேன். டாக்டரம்மா வெரலப் பாத்தாங்க. பொடியப் பாத்தாங்க. அப்பறம் என்னயப் பாத்தாங்க.

"இது என்ன மருந்துங்க?"

"கோழிக்குக் குடுக்கறதுங்க."

"முட்டை வெக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

நர்சு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"பூனைப் பல்லு ஊசியாட்டங்க. கிருமிய ஆழமா எறக்கிட்டு வந்துரும், மேல தோலு மூடிக்கும். ஒடனே கழுவிட்டு வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும். இப்பக் கீறிச் சீழ எடுக்கோணும். இன்னும் உட்டா வெரல் மடங்காமயே போயிரும்"ன்னாங்க டாக்டரம்மா.

கீறுனாங்க. கத்துனேன். பூனைக்கடிக்கும் நாய்க்கடி ஊசிதானாம், அதையும் போட்டாங்க.

கட்டிக்கப்போற பொண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க, பத்து வெரல் இருக்க மோதிர வெரலையேவா குடுத்தீங்க? என்னயப் புடிக்கலைன்னா வாயில சொல்லியிருக்கலாமுங்க."

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்குத்தான் வேர்த்துச்சு.

புதன்கெழம மண்டபத்துல கை முழுக்க வெள்ளைக் கட்டு. வந்தவங்க எல்லாம் "கைக்கு என்னாச்சு சாமி?"ன்னாங்க. "லாரிக் கதவுல மாட்டிக்குச்சுங்க"ன்னு கெத்தாச் சொன்னேன்.

பக்கத்துலயே நின்ன எங்கம்மா, "இல்லீங்க, பூனை கடிச்சுது"ன்னாங்க.

கடைசியில மோதிரம் இடது கைக்குப் போச்சு. போட்டுட்டு அவ குனிஞ்சு மெதுவாச் சொன்னா:

"கல்யாணத்தன்னைக்கு மாலை போடோணுங்க. கழுத்தையாச்சும் பத்திரமா வெச்சிருங்க."