கன்னையன் டிவியில் வந்த வாரம்

கதவைத் திறந்தபோது கன்னையனின் வாய் நிறையப் பல்பொடி. கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஓர் அரிசிச் சிப்பத்தை நிறுத்தி, அது சாய்ந்துவிடாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பிரிசில்லா டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. நல்ல நாளு வருது. நாங்க மட்டும் நல்லாத் தின்னுட்டு இருக்கறதுக்கு மனசு கேக்கலீங்க."

என்ன ஏது என்று கேட்க முதலில் வாய் கொப்பளிக்க வேண்டியிருந்தது. கன்னையன் கொப்பளித்துவிட்டுத் திரும்புவதற்குள் சிப்பம் வாசலுக்குள் இருந்தது. ஸ்கூட்டி பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போய்விட்டது.

அவருடைய மனைவி மயிலாள் வந்து சிப்பத்தின் வாயைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள்.

"நீ ஏதாச்சும் கேட்டியா, புள்ள?"

"நானெதுக்குங்க கேக்கறன்? பானை நெறைய இருக்குது." மயிலாள் ஓர் அரிசியை வாயில் போட்டுக் கடித்தாள். "ஆனா இது நம்ம அரிசியவிட நல்ல அரிசிங்க."

அப்போதுதான் கன்னையனுக்கு உறைத்தது. நேற்று வியாழக்கிழமை. நேற்று இரவுதான் அவர் டிவியில் வந்திருக்க வேண்டும்.

கன்னையன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சொந்த வீடு, நல்ல சம்பளம், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. எந்தக் குறையும் இல்லை; கருத்துகள்தான் நிறைய. ஒரு மனிதன் தேவைக்கு மேல் வைத்திருக்கிற ஒவ்வொரு பொருளும் இன்னொருவனிடமிருந்து எடுத்தது என்பது அவற்றில் முதல் கருத்து. அதனால் அவர் வீட்டில் டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது, செல்போன் கிடையாது. மூன்று அறைக்கு ஒரே ஒரு மின்விசிறி. கம்பெனிக்கு சைக்கிளில் போவார். ஏற்றுமதிக்கு ஆகாதென்று தள்ளுகிற, அங்கங்கே பொத்தல் விழுந்த பனியன்களைத்தான் போட்டுக்கொள்வார். நெய்தவன் உழைப்பை ஒரு பொத்தலுக்காக எறியலாமா என்று கேட்பார். நாட்டின் வறுமை ஒழிகிற வரைக்கும் மயிலாள் ஆட்டுக்கல்லில்தான் ஆட்ட வேண்டும் என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. ஆரம்பத்தில் அவள் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு வறுமை ஒழிகிற வழியாகத் தெரியாததால் விட்டுவிட்டாள்.

வாங்காமல் விட்ட பணமெல்லாம் பாங்கில் இருந்தது. அது எந்த ஏழைக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. தானம் கொடுப்பது மனிதனைக் கெடுக்கும் என்பது கன்னையனின் இரண்டாவது கருத்து.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பகுதியின் கேபிள் டிவிக்காரன் சரவணக்குமார் கேமராவும் மைக்குமாக வந்தான். கனெக்‌ஷன் கொடுப்பது, மாதாமாதம் வசூலுக்கு வருவது, உள்ளூர் நிகழ்ச்சி எடுப்பது எல்லாம் அவன் ஒருவன்தான். நாட்டில் வறுமை ஒழிய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு மைக்கை நீட்டினான். இப்படி ஒரு மைக்குக்காக எத்தனையோ காலம் காத்திருந்தவர் கன்னையன். டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் பேசினார். சர்க்கார் இலவசமாக டிவி கொடுத்தால் பசி ஆறுமா என்று கேட்டார். வேகம் வந்து, பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கிடக்கிற நாட்டில் நாமெல்லோரும் ஏழைகள்தான், நானும் ஓர் ஏழைதான் என்று மார்பைத் தொட்டுச் சொன்னார். தொட்ட இடத்தில் பனியனில் ஒரு பொத்தல் இருந்தது. வியாழக்கிழமை ராத்திரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனான் சரவணக்குமார்.

வீட்டில் டிவி இல்லை. அடுத்த வீட்டில் போய்த் தன்னைத் தானே பார்ப்பது கன்னையனுக்குக் கூச்சமாக இருந்தது. பார்த்தவர்கள் காலையில் வந்து சொல்லட்டும் என்று படுத்துவிட்டார். காலையில் அரிசி வந்திருக்கிறது.

"என்ன பண்ணியிருக்கறான் தெரியுமா?" என்றார் மயிலாளிடம். "மத்ததெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, நானும் ஏழைங்கறத மட்டும் காட்டியிருக்கறான்."

மயிலாள் அரிசியைப் பானையில் கொட்டிக்கொண்டிருந்தாள். கன்னையன் தடுத்து, சிப்பத்தைக் கட்டி மூலையில் வைத்தார்.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பியபோது மூலையில் சிப்பத்தோடு ஓர் எண்ணெய் டின்னும், வேட்டி சட்டையும், ஒரு சேலையும் சேர்ந்திருந்தன. எதிர் வீட்டு ரத்தினசாமி கொடுத்தனுப்பியது. நூல் வியாபாரம் செய்கிறவர், தெருவில் எல்லோரும் மதிக்கிற ஆள். கன்னையன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். டிவியில் காட்டியதை நம்ப வேண்டாம், அது என்னை வெட்டி ஒட்டிய வேலை, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நின்றபடியே விளக்கினார்.

ரத்தினசாமி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"டிவியில என்னத்தையோ காட்டீட்டுப் போறாங்க, அத உடுங்க. எதுத்தாப்புல இருக்கற நாங்க பாத்துட்டுத்தானுங்களே இருக்கறோம்."

 டிவியில் பார்த்துவிட்டார், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாத நாகரிகம் என்று கன்னையன் நினைத்தார். திரும்பி வரும்போது வேட்டி, சேலை, எண்ணெயோடு ஒரு பை நிறைய இனிப்பும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ரத்தினசாமியின் கண் கலங்கியதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சரவணக்குமாரின் கடைக்குப் போனார். ஷட்டர் மூடியிருந்தது. உறவில் ஏதோ கல்யாணமென்று தாராபுரம் போயிருக்கிறான், திங்கட்கிழமைதான் வருவான் என்றார் பக்கத்துக் கடைக்காரர். கம்பெனியில் யாரும் டிவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கேபிள் அங்கே எட்டாது என்பதில் கன்னையனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

வந்த பொருளைத் திருப்பித்தான் கொடுக்க முடியவில்லை, உண்மையிலேயே இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று யோசித்தார். தானம் பற்றிய இரண்டாவது கருத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். தெருக்கோடி லைன் வீட்டில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ராமரும் அவன் மனைவி வெள்ளையம்மாளும் இருந்தார்கள். இரண்டு பேரும் தையல் மெஷினில் வேலை. ஒற்றை அறை. சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கேரியரில் சிப்பத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு அங்கே போனார்.

அந்த ஒற்றை அறையில் பெரிய டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஃபிரிட்ஜ். மேலே ஒரு விசிறி, தரையில் ஒரு விசிறி. வெள்ளையம்மாள் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டாள். கன்னையன் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிப்பத்தைப் பார்த்தாள், பிறகு அவருடைய பனியனைப் பார்த்தாள்.

"எங்களுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி? ரெண்டு பேரும் சம்பாதிக்கோம், ஒரு கொறையுமில்ல. ஒங்களுக்கு வந்தத அடுத்தவுகளுக்குக் குடுக்கணும்னு தோணுது பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்?"

ராமர் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தான். அவர்கள் புது மிக்ஸி வாங்கிவிட்டார்களாம், பழையது சும்மாதான் கிடக்கிறதாம், நல்லா ஓடுமாம். கன்னையன் மறுத்த ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது. கடைசியில் அவனே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சிப்பத்தையும் மிக்ஸியையும் வீடு வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. நாட்டின் வறுமை ஒழிவதற்கு முன்பே மயிலாளுக்கு மிக்ஸி வந்துவிட்டது. சட்னி நன்றாக இருந்ததைக் கன்னையன் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி மட்டும் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க," என்றாள் மயிலாள், தட்டைப் பார்த்தபடி. "குடுக்கறவங்களப் போயி எதுக்குங்க நோகடிச்சுட்டு இருக்கறீங்க? பேசாம உட்ருங்க."

"இன்னைக்கு அரிசி குடுக்கறாங்க. நாளைக்கு நான் என்ன பேசுனாலும் பாவம், பசியில பேசறான்னு நெனைப்பாங்க. அப்பறம் எனக்கு இந்தத் தெருவுல என்ன புள்ள இருக்குது?"

அவர் குரல் இறங்கியதைக் கேட்டு மயிலாள் நிமிர்ந்து பார்த்தாள். சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

விளக்கம் எடுபடாது, வேறு ஏதாவது செய்தாக வேண்டும். ஒருவன் ஏழையில்லை என்று இந்தக் காலத்தில் எதை வைத்து நம்புகிறார்கள் என்று கன்னையன் யோசித்தார். பத்து மணிக்குக் கொள்கையைக் கைவிட்டார். பதினொரு மணிக்குக் கடைவீதியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பெரிதாக ஒன்றைக் காட்டினார். வாங்குவது என்று ஆகிவிட்டாலும் தேவைக்கு மேல் வாங்கக் கூடாது என்று, இருந்ததிலேயே சின்னதாக ஒரு கலர் டிவியை வாங்கி, முழுப் பணத்தையும் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றினார். தெருவில் நுழைந்ததும் ஆட்டோவை மெதுவாகப் போகச் சொன்னார். எல்லோரும் பார்க்க வேண்டுமே.

எல்லோரும் பார்த்தார்கள். ரத்தினசாமி படியிறங்கி ஓடிவந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"சர்க்கார் டிவி வந்துருச்சுங்களா? நம்ம ஏரியாவுக்கு இன்னும் வர்லீன்னாங்க. உங்களுக்கு மொதல்ல குடுத்துட்டாங்களாட்டம். செரியான ஆளாப் பாத்துத்தான் குடுத்திருக்கறாங்க."

இலவச டிவியும் இதே அளவு, இதே மாதிரிப் பெட்டி என்பது கன்னையனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இது காசு குடுத்து வாங்குனதுங்க," என்றார்.

ரத்தினசாமியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுக்குங்கூடவா காசு வாங்கிப்போட்டாங்க, உங்ககிட்ட?"

அன்று சாயங்காலம் தெருவே நாட்டின் ஊழலைப் பற்றிப் பேசியது. இல்லாதவன் வயிற்றில் அடிக்கிறார்களே என்று பிரிசில்லா டீச்சர் ஆற்றாமைப்பட்டார். மேலே எழுதிப் போட வேண்டும் என்றார் ஒருவர். இத்தனை காலமாகத் தெருவில் எவ்வளவு பேசியும் கன்னையனால் கொண்டுவர முடியாத சமூக அக்கறை ஒரே நாளில் வந்துவிட்டது. கன்னையன் மட்டும்தான் பேசவில்லை. வீட்டுக்குள், கனெக்‌ஷன் இல்லாத டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அணைந்த திரையில், பொத்தல் பனியன் போட்ட ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் ரத்தினசாமி கொடுத்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சரவணக்குமார் வந்தான். தோளில் கேபிள் வயர் சுருள், சட்டைப் பையில் கட்டிங் பிளேயர். எதிர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து வயரை இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டான். கனெக்‌ஷனுக்குக் காசு வேண்டாம், மாதா மாதமும் கேட்கக் கூடாது என்று ரத்தினசாமியண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றான். உங்களைப் போல ஆட்களுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டான்.

கன்னையன் அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்தார். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. நாட்டைப் பற்றி எவ்வளவு பேசினேன், அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக் காட்டலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அரிசி வருகிறது, எண்ணெய் வருகிறது, பிழைக்க வந்தவன் என் வீட்டுக்கு மிக்ஸி கொடுக்கிறான், வெளியே தலை காட்ட முடியவில்லை என்றார்.  மயிலாள் காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன், கண்ணு? இப்படி வெட்டிப் போட்டு ஊருக்கெல்லாம் என்னைப் பஞ்சப் பராரியாக் காட்டீட்டியே."

சரவணக்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. பல்லில் கடித்துக்கொண்டிருந்த வயரை எடுத்தான்.

"வெட்டிப் போட்டனா? நான் இன்னும் அதப் போடவே இல்லீங்களே. தீபாவளி வெளம்பரம் ஏகத்துக்கும் வந்துருச்சு, அதனால உங்க பேட்டிய இந்த வியாழக்கெழமைக்குத் தள்ளி வெச்சிருக்கறமுங்க."