ஈரத் துண்டும் ஒரு புள்ளிவிவரப் பிழையும்

பெண்ணிய ஆய்வு மையத்தை மூடியே தீர்வது என்று முடிவு செய்தேன். உலக நன்மைக்காக அல்ல. என் மாலைக் காபிக்காக.

எங்கள் கல்லூரியில் நான் புள்ளியியல் துறைத் தலைவர். அந்த மையத்தின் இயக்குநர் என் மனைவி. மாடியில் ஒரு மூலை அறை, அலமாரி நிறையப் புத்தகம், நடுவில் நீள மேஜை, அதைச் சுற்றி ஓயாமல் பேசும் மாணவிகள். பெண்களின் உழைப்பை யாரும் மதிப்பதில்லை என்று இருட்டும்வரை விவாதம் நடக்கும். அதுவரை வீட்டில் எனக்குக் காபி போட்டுத் தர ஆள் கிடையாது. இந்த அநியாயத்தை எந்தப் பெண்ணியமாவது பேசியிருக்கிறதா?

கல்லூரிக் குழுக் கூட்டத்தில் எழுந்தேன்.

"அங்கே வெறும் பேச்சுதான் நடக்குது. தரவு எங்கே? ஒரு நிஜக் குடும்பத்தைக் கவனிச்சுப் பிழையில்லாத ஓர் ஆய்வைக் கொண்டுவரட்டும். இல்லேன்னா மூடிடலாம்."

முதல்வர் தலையாட்டினார். வீட்டில் மனைவி சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எந்தக் குடும்பத்தை எடுத்துக்கட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

"யார் குடும்பமா இருந்தா எனக்கென்ன?"

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கு எதுக்கு ஆட்சேபணை?"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாதுங்க."

"நான் என்னிக்குப் பேச்சு மாறினேன்?"

மறுநாளிலிருந்து இரண்டு மாணவிகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனைவியிடம் பாடம் கேட்க வருகிறார்கள் என்று நினைத்தேன். நான் "என் கண்ணாடி எங்கே?" என்று கத்தினால்கூட எழுதிக்கொண்டார்கள். என் மாணவர்கள் வகுப்பிலேயே எழுதுவதில்லை. பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவே அதட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் மனைவி அறிக்கை வாசித்தாள். ஆய்வுக்குட்பட்ட கணவரின் பெயரை வெளியிட மாட்டார்களாம். அவர் நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடெல்லாம் தேட வைக்கிறாராம். கைக்கெட்டும் தண்ணீரை எடுத்துத் தர, சமையலறையிலிருந்து மனைவியைக் கூப்பிடுகிறாராம். எனக்கு வியர்த்தது. திரும்பிப் பார்த்தால் அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் வியர்த்தது. வேதியியல் துறைத் தலைவர் மேஜைக்கடியில் நுழையாத குறை. "இது யாருன்னு சொல்லவே வேண்டாம்மா" என்று முதல்வர் கெஞ்சினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்துவிடலாம்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"குளித்ததும் ஈரத் துண்டைக் கட்டில்மேல் வீசுகிறார். வாரத்தில் ஏழு நாள்."

புள்ளியியல்காரன் காதில் தப்பான எண் விழலாமா? எழுந்துவிட்டேன்.

"தப்பு. ஆறு நாள்தான்."

"எப்படிச் சொல்றீங்க சார்?" என்றாள் மனைவி, கூட்டத்துக்கேற்ற மரியாதையோடு.

"ஞாயித்துக்கிழமை நான் குளிக்கிறதே இல்லை."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"திருத்திக்கிறோம் சார். மத்த தகவலெல்லாம் சரியா இருக்கா?"

"மத்ததெல்லாம் சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது.

முதல்வர் முகத்தில் உயிர் வந்தது. அந்தக் கணவர் தான் இல்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியிலேயே மையத்தை நிரந்தரமாக்கினார், கூடவே பக்கத்து அறையையும் கொடுத்தார். வேதியியல்காரர் துள்ளிக் குதித்து வழிமொழிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இவ்வளவு கவனமா எழுதின பொண்ணுங்க அந்த ஓர் எண்ணை மட்டும் எப்படித் தப்பா எழுதினாங்க?"

"அவங்க ஆறுன்னுதான் எழுதினாங்க. நான்தான் ஏழாக்கினேன். பிழையில்லாத ஆய்வு கேட்டீங்களே, சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கிட்டாத்தானேங்க அது பிழையில்லாத ஆய்வு?"

இரண்டு அறை ஆனதிலிருந்து மையம் இன்னும் தாமதமாகத்தான் பூட்டப்படுகிறது. நான் சாயங்காலமே வீட்டுக்கு ஓடிவந்து டிகாஷன் போட்டு வைத்துவிடுகிறேன். அவள் வரும்போது காபி ஆறியிருந்தால் அவளுக்குப் பிடிக்காது.