வாக்கெடுப்பில் வென்ற ஆலா

வாதத்தில் வெல்வது எளிது. வென்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கடினம். கல்லூரி மேடைகளில் நான் வாங்காத கோப்பை இல்லை. (அவற்றில் இப்போது ஹாஸ்டல் நண்பர்கள் பல் துலக்கும் பிரஷ் வைக்கிறார்கள், அது தனித் துயரம்.)

ஒரகடத்துத் தொழிற்சாலையில் எனக்குப் பேக்கிங் பிரிவு. பெட்டிகளின் மூலைகளில் தெர்மோகோல் செருகுவதே பணி. தரச்சோதனைப் பிரிவில் முத்துமாரி இருந்தார். சொந்த ஊர் சங்கரன்கோவில், அதாவது கடலே இல்லாத ஊர். குளிர்காலத்தை நம் கரையில் கழித்த ஆலா என்னும் கடற்பறவைகள் பங்குனிக் காற்றில் கூட்டமாய் வடக்கே திரும்புவதைக் கைபேசியில் கண்டு, நேரில் பார்த்தே தீருவதென்று இருந்தார். ஒப்பந்தம் முடிந்து திங்கட்கிழமை ஊர் திரும்ப வேண்டும். அந்த ஞாயிற்றை விட்டால் வேறு நாளில்லை. ஆகவே எங்கள் ஹாஸ்டல் இருக்கும் வல்லம் வடகாலிலிருந்து வேன் பிடித்து எழுவர் கோவளம் போனோம்.

காற்று அப்படியொரு காற்று. வாயைத் திறந்தால் மணல் உள்ளே வந்து உட்கார்ந்தது. (அதற்காக வாயை மூடியவனல்லன் நான்.) கடலுக்கு எதிர்ப்புறம், கழிமுகத்து மணல்திட்டில், வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஆலாவுக்கு இருப்பதுபோலவே தலையில் கறுப்பு. காற்றில் மெல்ல ஆடியது.

அதோ ஆலா என்று அறிவித்தேன். முத்துமாரி பைனாகுலரை இறக்கினார்.

"ஆடுது, ஆனா நகர மாட்டேக்கே. எனக்கென்னமோ பறவையா தெரியலண்ணே."

மறுப்பா? எனக்கா? கவிழ்த்திருந்த மீன் பெட்டியின்மேல் ஏறினேன். "நகராதிருப்பதெல்லாம் உயிரற்றதெனில், தவத்தில் அமர்ந்த முனிவர்கள் என்ன, மூட்டைகளா?" என்று தொடங்கினேன். நெடும்பயணத்துக்கு முன் இளைப்பாறும் பறவையின் மாண்பை விரித்துரைத்தேன். ஒன்று இறங்கிய இடத்தில் கூட்டமும் இறங்கியே தீரும், ஆகவே அனைவரும் திட்டையே நோக்குக என்று முடித்தேன். கைதட்டல். வாக்கெடுப்பு. என் பக்கம் ஆறு கைகள், என்னுடையதும் சேர்த்து. எதிர்ப்பக்கம் அவர் கை மட்டும்.

ஜனநாயக முறைப்படி ஆறு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டித் திட்டை முறைத்து நின்றோம். சற்று நேரத்தில் பின்னாலிருந்து முத்துமாரி ஏதோ கத்தினார். சொற்களைக் காற்று தின்றுவிட்டது. நான் திரும்பாமலே கையை உயர்த்தினேன்.

"தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. மேல்முறையீடு கிடையாது."

அப்போது வீசிய பெருங்காற்றில் எங்கள் ஆலா திட்டிலிருந்து உருண்டது, நீரில் விழுந்தது, மிதந்து என் காலடிக்கே வந்தது. தெர்மோகோல் மூலைத் துண்டு. தலையில் கறுப்பு டேப். நான் வாரம் முழுதும் செருகும் அதே அளவு.

உடன் வந்த மண்ணூர் டில்லிபாபு அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இன்னாபா, டெய்லி தொட்டுக்கினு கீற, மூஞ்சி கூடவா தெரில?"

திரும்பினோம். வடக்கே வெகுதொலைவில் நூலிழைபோல் ஒரு வரிசை மறைந்துகொண்டிருந்தது. முத்துமாரி மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர்வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டும் உங்க முதுகுக்குப் பின்னாலதாம்ணே போச்சு."

இன்றும் லைனில் நான் தெர்மோகோல் மூட்டையைப் பிரித்தால், உள்ளே ஆலா முட்டை உடைந்துவிடப் போகிறதென்று டில்லிபாபு எச்சரிக்கிறான். பங்குனி பிறந்தால் சங்கரன்கோவிலிலிருந்து தவறாமல் ஒரு குரல் பதிவு வருகிறது.

"அண்ணே, இந்நேரம் கெளம்பிருக்கும்லா? ஓட்டெடுப்பு முடிஞ்சா கொஞ்சம் திரும்பியும் பாருங்க."