ஜீவமணி கேட்ட மாறுதல்

தூத்துக்குடி,
ஜூலை 1976.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மூத்த மைத்துனர் ஜேசுபாதம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் தேவபிரசாதம் பணிவுடன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கு அனைவரும் சுகம். அவ்விடத்தில் தங்கள் சுகத்தையும், அக்காவின் மூட்டுவலியையும், கிணற்றடி முருங்கை இந்த வருஷமாவது காய்த்ததா என்பதையும் அறிய ஆவலாய் இருக்கிறேன். அனைவரும் சுகம் என்று மேலே எழுதியது கடிதத்துக்கு உண்டான மரியாதைக்காக. உள்ளதைச் சொன்னால், இந்த வீட்டில் தங்கள் தங்கை ஜீவமணி ஒருத்திதான் சுகமாக இருக்கிறாள்.

சென்ற கடிதத்தில் நான் ஜாடையாக எழுதியதற்கு, "தேசத்தின் தலைவர்களுக்காக ஜெபிக்கிற மனைவி கிடைத்தது உமக்குப் பாக்கியம், பொறுமையாய் இரும்" என்று தாங்கள் பதில் போட்டிருந்தீர்கள். பொறுமை என்பது நல்ல குணம்தான். தாங்கள் நாசரேத்தில் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். வாசலில் நின்று அக்கா கூப்பிட்டால் தங்கள் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே நாற்காலி, மத்தியானம் வீட்டுச் சோறு, அதற்குப் பிறகு ஒரு கண்ணயர்வு. அப்படி இருக்கிறவர்கள் பொறுமையைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். என் கதையைக் கேளுங்கள்.

ஜீவமணி இந்த ஜெப ஊழியத்தை நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினாள், அதை நான் மறுக்கவில்லை. ஆளுகிறவர்கள் நன்றாக இருந்தால் நாமும் அமைதியாகப் பிழைக்கலாம் என்று தெருப் பெண்களைக் கூட்டி, கிழமைக்கு ஒரு இலாகா என்று பிரித்துக்கொண்டாள். திங்கள் நிதி, செவ்வாய் பொதுப்பணி, புதன் சுகாதாரம். அதனால எங்க வீட்டுல திங்கக்கிழமை சோறு குழையும், செவ்வாக்கிழமை குழம்பு அடிப்பிடிக்கும், புதன்கிழமை எனக்கு வயித்தால போகும். வெள்ளிக்கிழமை மொத்த மந்திரிசபைக்கும் சேர்த்து உபவாசம். உபவாசம் இருக்கது அவ, பட்டினி கெடக்கது நான். ஆபீஸ்ல இருந்து அலுத்துப்போய் வந்து ஒரு வாய் காப்பி கேட்டா, "இப்ப உணவு மந்திரிக்காக ஜெபிச்சிட்டு இருக்கோம், கொஞ்சம் பொறுங்க"ன்னு உள்ள இருந்து சத்தம் வரும். ஒருநாள் பொறுக்க முடியாம, "ஏளா, நாட்டுல உள்ள அத்தனை பேருக்கும் ஜெபிக்கியே, எனக்கு ஒருநாள் ஜெபிச்சா என்ன?"ன்னு கேட்டுட்டேன். "இது அதிகாரத்துல இருக்கவங்களுக்கான ஜெபம். நீங்க எந்த அதிகாரத்துல இருக்கிய?"ன்னு கேட்டா. கேட்டுட்டு, பதிலுக்குக்கூட நிக்காம அடுப்படிக்குப் போயிட்டா. சிரிக்காதீங்க மச்சான். எனக்கு அன்னைக்கு நெசமாவே மனசு விட்டுப்போச்சு.

போன ஜனவரியில மந்திரிசபையைக் கலைச்சாங்கல்லா, அதுல மந்திரிமாருக்கு என்ன நஷ்டமோ எனக்குத் தெரியாது, எனக்குப் பெரிய நஷ்டம். கிழமைக்கு ஒரு மந்திரின்னு கை நிறைய வேலை இருந்தவளுக்கு, இப்ப மெட்ராஸ்ல கவர்னர் ஒருத்தர்தான் மிச்சம். திங்கக்கிழமை காலையிலேயே ஊழியம் முடிஞ்சுபோகுது. மிச்சக் கிழமையெல்லாம் உம்ம தங்கச்சி சும்மா இருப்பாளா? நம்ம ஊரு அதிகாரிமார் பக்கம் இறங்கிட்டா.

மொத பலி எங்க ஆபீஸ் சூப்பிரண்டு. தங்கமான மனுஷன். நாலரை மணிக்கே "தேவபிரசாதம், நீங்க கெளம்புங்க"ன்னுவாரு. ஒரே ஒரு கெட்ட பழக்கம், சிகரெட்டு. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம அதை வீட்டுல சொல்லித் தொலைச்சேன். உடனே பெண்களைக் கூட்டிட்டா. "ஆண்டவரே, இந்த அதிகாரிக்கு ஒரு மாறுதல் தாரும், சீக்கிரமாத் தாரும்"னு கண்ணீரும் கம்பலையுமா ஜெபிச்சா. ஆண்டவர் தந்துட்டாரு மச்சான், அடுத்த வாரமே தந்துட்டாரு. மாறுதல் உத்தரவு, தர்மபுரிக்கு. இவ கேட்டது மனசு மாறுதல், வந்தது ஆபீஸ் மாறுதல். மனுஷன் கண்ணைத் தொடச்சுக்கிட்டே பஸ் ஏறுனாரு, வாயில சிகரெட்டோட.

சரி, இது ஏதோ தற்செயல்னு நானும் நெனைச்சேன். பக்கத்து வீட்டு மெட்டில்டா, மீன்பிடி லாஞ்சு வச்சிருக்க சிலுவைங்கிறவரோட பெஞ்சாதி, கத்தோலிக்க வேதக்கோயிலுக்குப் போறவ. அவ வந்து படகுக்கு லைசென்சு குடுக்க அதிகாரி எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழுதாருன்னு அழுதா. அந்த மனுஷனுக்குக் கோவம் கொறையணும்னு இவ ஒரு மாறுதல் கேட்டா. அவரு மூட்டை கட்டுனாரு. மறுநாளு மெட்டில்டா ஒரு முழு சீலா மீனைத் தூக்கிட்டு வந்து, "அண்ணாச்சி, நாங்க மாதாவுக்கு நேர்ந்தா திருநாளு வரைக்கும் காத்துக் கெடக்கணும், அக்கா ஜெபிச்சா ஆர்டரே கைக்கு வந்துருதே!"ன்னு எங்க வாசல்ல நின்னு கூவுனா. அவ தொண்டை உமக்குத் தெரியாது, கடலுக்குள்ள நிக்க லாஞ்சுக்குக் கேக்கும். அன்னையில இருந்து எங்க வீட்டு வாசல்ல கூட்டம். உப்பளத்துக்காரன், பலசரக்குக் கடைக்காரன், லாரி வச்சிருக்கவன், ஆளுக்கு ஒரு அதிகாரி பேரைச் சொல்லிட்டு வாரான். உம்ம தங்கச்சிக்கு ஒண்ணும் வெளங்கல. "பாத்தியளா, ஜனங்களுக்கு இப்பல்லாம் அதிகாரிமாரோட ஆத்துமா மேல எவ்வளவு கரிசனை, எவ்வளவு பாரம்!"னு சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுதா.

இது எமர்ஜென்சி காலம், கூட்டம் கூடுனா போலீசு வரும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வந்துட்டாரு, அய்யாக்குட்டின்னு ஒரு ஏட்டு. "இங்கன என்ன கூட்டம்? கவர்னர் பேரெல்லாம் அடிபடுதாம்ல?"ன்னு லத்தியைத் தட்டிக்கிட்டு உள்ள நொழைஞ்சாரு. நான் கதவுக்குப் பின்னால ஒதுங்கிட்டேன். மெட்டில்டா அவரைத் தனியாக் கூப்பிட்டு என்னமோ சொன்னா. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "அம்மா, வயசான தாயாரு ஏரல்ல தனியா இருக்கா, அந்தப் பக்கம் எதுவும் கெடைக்குமா?"ன்னு கேக்காரு மனுஷன்!

ஆபீஸ்ல என் நெலைமை அதைவிட மோசம். புதுசா வந்த சூப்பிரண்டு மத்தவங்ககிட்டயெல்லாம் புலி. என்னையப் பார்த்தா மட்டும் அவராவே டீ வாங்கித் தாராரு. "தேவபிரசாதம், வீட்டுல நம்மளப் பத்தி ஏதும் பேச்சு வருமா?" "வராது சார்." "வரவே வேண்டாம்." உடனே இன்னொரு டீ சொல்லுதாரு.

ஒருநாள் நயமா எடுத்துச் சொன்னேன். "ஏளா, மாறுதல்னு மொட்டையாக் கேக்காத, மனமாற்றம்னு கேளு, ஒரு சொல்லுதானே வித்தியாசம்." "நான் என்ன நெனைச்சுக் கேக்கேன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"ன்னா. "அவருக்குத் தெரியும், சர்க்காருக்குத் தெரியலியே"ன்னேன். கோவம் வந்துட்டு. "பவுல் அப்போஸ்தலரு ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொன்னப்ப ரோமாபுரியை ஆண்ட ராஜா யாரு தெரியுமா? நீரோ!"ன்னா. என்னையத்தான் நக்கலா "நீரோ?"ன்னு கேக்கான்னு நெனைச்சு, "நான் எப்பளா ஆண்டேன், இந்த வீட்டுலயே என் பேச்சு எடுபடாது"ன்னு நானும் எகிறிட்டேன். மக ஜெயசெல்விதான் நடுவுல வந்து, "அப்பா, நீரோன்னா ஒரு ராஜா பேருப்பா"ன்னு வெளங்கவச்சா. அதோட என் மானம் போச்சு.

இதுவரைக்கும் பட்டதெல்லாம் நான் பட்டது, பொறுத்துக்கிட்டேன். இப்ப பிள்ளை வாழ்க்கையில வந்து நிக்குது. அதுக்குத்தான் இந்தக் கடிதாசி. சாத்தான்குளம் ராஜதுரை மகன் பர்னபாஸ், சர்க்கார் இன்ஜினியர். நீலகிரிப் பக்கம் குளிர்ல வெறைச்சுக் கெடந்து, யார் யாரு காலையோ பிடிச்சு, இப்பத்தான் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்திருக்காரு. போன சனிக்கெழமை பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல பையன், தலை குனிஞ்சு பேசுத ரகம். ஜெயசெல்வி மக்ரூன் தட்டைக் கொண்டு வச்சப்ப அவன் ஏதோ மெதுவாச் சொன்னான், இவ சிரிச்சா. என் மக அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல மச்சான். எல்லாம் கூடி வந்துட்டுன்னு நெனைச்சேன். முடிவுல ஒரு சின்ன ஜெபம் பண்ணிரலாம்னு ராஜதுரை சொன்னாரு. சின்ன ஜெபம்! உம்ம தங்கச்சிகிட்ட! டெல்லியில தொடங்கி, மெட்ராஸ் வந்து, திருநெல்வேலி கலெக்டரைத் தொட்டு, கடைசியில, "அதிகாரத்துல இருக்க இந்தத் தம்பிக்கும் சீக்கிரமா ஒரு நல்ல மாறுதல் தாரும் ஆண்டவரே"ன்னுட்டா. கலியாணம்ங்கிற மாறுதலைத்தான் சொன்னாளாம், பெறகு சொல்லுதா. பையன் பட்டுன்னு கண்ணைத் தொறந்துட்டான். நான் எப்படிப் பார்த்தேன்னு கேக்காதீரும். ராஜதுரை ஜெபம் முடியுமுன்னால ஆமென் சொல்லிட்டாரு. செருப்பை மாட்டிக்கிட்டே, "ஜெபிச்சுச் சொல்லுதோம்"னுட்டுப் போனாங்க.

"ஜெபிச்சுச் சொல்லுதோம்"னா நம்ம சனத்துல என்ன அர்த்தம்னு உமக்குத் தெரியாதா? நீரும் நானும் அதைச் சொல்லி எத்தனை சம்பந்தத்துல இருந்து நழுவியிருக்கோம்! விசாரிச்சா, "பொண்ணு ரொம்பப் பிடிச்சிருக்கு, பொண்ணோட அம்மாவும் நல்லவங்கதான், ஆனா அவங்க ஜெபிக்க ஊர்லயே பையன் வேலை பாக்கணுமே"ன்னு பயப்படுதாங்களாம். ஜெயசெல்வி கழுவுன டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிட்டு நின்னா. கடைசியில, "அம்மாவுக்கு எல்லா அதிகாரிக்கும் ஜெபிக்கத் தெரியுது, ஒரு ஜெபத்தைச் சட்டுன்னு முடிக்கத்தான் தெரியல"ன்னு சொல்லி அழுதுட்டா. என்னால தாங்க முடியல.

ஆகையால மச்சான், உம்ம கையைப் பிடிச்சுக் கேக்கேன். நீரு மூத்தவரு, உம்ம பேச்சைத்தான் அவ கேப்பா. இனி அதிகாரிமாருக்கு ஜெபிக்காதன்னு கண்டிச்சு ஒரு கடிதாசி போடும். இல்லைன்னா நேர்ல வந்து, கலியாணம் முடியுத வரைக்கும் நாசரேத்துக்குக் கூட்டிட்டுப் போய் வச்சிரும். அங்கன அதிகாரிமாரும் கொறைவு, சேதமும் கொறைவு. பொறுமையாய் இரும்னு மட்டும் இன்னொரு தரம் எழுதிராதீரும்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் தங்களையும், தங்கள் வீட்டாரையும், தங்கள் உத்தியோகத்தையும், இருக்கிற இடத்திலேயே வைத்து ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தேவபிரசாதம்.

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுப்போடும். கடிதாசியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, தபால் பெட்டியில போட மறந்துட்டேன். நல்லதாப் போச்சு. மறுநாள் காலையில காப்பிக்கு நிக்கேன், அடுப்படியில ஜீவமணி தனியா முழங்கால் போட்டு ஜெபிக்கா. "ஆண்டவரே, இந்த வீட்டை ஆளுகிறவரு பிள்ளையை நெனைச்சு ஒறங்காமக் கெடக்காரு. அவருக்கும் ஒரு மாறுதல் தாரும்." ஆளுகிறவரு! என்னையத்தான் மச்சான்! கண்ணு கலங்கிட்டு. காப்பிகூடக் கேக்காம ஆபீஸுக்குக் கெளம்பிட்டேன்.

போனா, மேஜை மேல கவரு கெடக்கு. மாறுதல். ஸ்ரீவைகுண்டத்துக்கு. சூப்பிரண்டு ஓடி வந்து கையைக் குலுக்குனாரு. "நான்தான் மேல எழுதி சிபாரிசு பண்ணேன், குடும்பத்தோட போயிருவியல்லா?"ன்னாரு. அன்னைக்கு டீ வாங்கித் தரல. சேதி சாத்தான்குளத்துக்கு எப்படிப் போச்சோ, ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்ச கையோட ராஜதுரை பழத்தட்டோட வந்து நிக்காரு. "ஜெபிச்சோம், பதில் வந்துட்டு. பிள்ளைங்க தூத்துக்குடியில இருக்கட்டும், நீங்க சௌகரியமா அந்தப் பக்கம் போங்க"ன்னாரு. பர்னபாஸ் மொகத்தைப் பாக்கணுமே! ஜெயசெல்வி யாரும் கேக்காமலே எனக்குக் காப்பி கொண்டாந்து தந்தா.

ஸ்ரீவைகுண்டத்துல வீடு பாக்கணுமேன்னேன். "எதுக்கு வீடு? நாசரேத்துல அண்ணன் மாடி சும்மாதானே கெடக்கு, நீங்க ரயில்ல போய்ட்டு வாங்க"ன்னுட்டா உம்ம தங்கச்சி. ஒண்ணாந்தேதி சாமானோட வாரோம், மாடியைத் தூத்து வையும். அவளைக் கண்டிச்சு எதுவும் எழுத வேண்டாம். நேத்தே நாசரேத்து ஊழியத்தைத் தொடங்கிட்டா. "அங்கன எனக்குத் தெரிஞ்ச அதிகாரி யாரு இருக்கா?"ன்னு ரொம்ப நேரம் யோசிச்சா. சத்தியமா நான் வாயைத் தொறக்கல. அவளேதான், "ஏன், எங்க அண்ணன் இல்லியா? பாவம், சேர்ந்த நாளையில இருந்து ஒரே நாற்காலியில ஒக்காந்திருக்கான்"னு சொல்லிட்டுக் கண்ணை மூடுனா. நானும் பக்கத்துல முழங்கால் போட்டு, முடிவுல நல்ல சத்தமா ஆமென் சொன்னேன்.

பொறுமையாய் இரும், மச்சான்.