கொண்டைத் திருப்பத்துச் சுவர்

விரைநாடு என்று ஒரு நாடு. அங்கே ஆற்றுக்குப் பாலம் கிடையாது, ஆஸ்பத்திரிக்குக் கூரை கிடையாது. கார் பந்தயம் மட்டும் உண்டு. ஆள்பவர் அரசர் முடுக்கவர்மர். அரசர்தான் என்றாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மக்களே அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எதிர்த்து நிற்பவருக்கு அந்த வாரம் பார்த்து உடம்புக்கு ஆகாமல் போய்விடும் என்பது வேறு விஷயம்.

ஆண்டுதோறும் மாசியில் தலைநகரின் தெருக்களிலேயே பந்தயம் நடக்கும். அரசரின் மைத்துனர் ஓட்டுவார், அவரே ஜெயிப்பார். மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஓட்டுவார்கள். கார் போகிற தெருக்காரர்கள் வாசலில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்று கைதட்ட வேண்டும். தட்டியவர்களின் குடும்ப அட்டையில் முத்திரை விழும். முத்திரை இல்லாத அட்டைக்கு அரிசி இல்லை. மற்றபடி வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது.

அந்தப் பாதையில் கொண்டைத் திருப்பம் என்று ஓர் இடம். அங்கே பஜ்ஜிக் கடை வைத்திருந்தவள் தங்கப்பழம். ஒரு மாசியில் அவள் புருஷன் உலகு மும்முரமாகக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, மைத்துனரின் கார் திருப்பத்தில் திரும்ப மறந்து, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, அவனுடைய இடது காலைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகும் கார் முதலாவதாகத்தான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பு அமைச்சர் நன்னெறிநம்பி விசாரித்து அறிக்கை கொடுத்தார். "கார் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது நாடறிந்தது. அந்த நேரத்தில் அந்தக் கால் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்குத்தான் விளக்கம் இல்லை."

விரைநாட்டில் ஒரு வழக்கம். எந்த வேலைக்கும் அடிக்கல் நாட்டிவிட்டால் வேலையே முடிந்ததாக அரசிதழில் ஏறிவிடும். அரசிதழின்படி ஆற்றுப் பாலத்தில் ஏழு வருஷமாகப் போக்குவரத்து நடக்கிறது. மக்கள்தான் என்ன காரணத்தாலோ நீந்திப் போகிறார்கள். அந்த வழக்கப்படி அமைச்சர் திருப்பத்துக்கு வந்து, தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். நெஞ்சுயரக் கருங்கல். அரசர் பெயர் பெரிதாக. அமைச்சர் பெயர் அதைவிட ஒரு நூல் சிறிதாக.

அடுத்த மாசியில் சுவர் வரவில்லை, கார் வந்தது. இரண்டு பேருக்கு விலா முறிந்தது. "இருக்கிற சுவர் போதவில்லை போலும்" என்று கவலைப்பட்ட அமைச்சர் மேலும் இரண்டு அடிக்கல் நாட்டினார். பார்வையாளர்கள் சொந்தச் செலவில் தலைக்கவசம் வாங்கி வர வேண்டும் என்று ஆணை பிறந்தது. மறு வருஷம் தலைகள் தப்பின, கைகள் போயின. கயிறு இருக்கிற தைரியத்தில்தான் ஜனங்கள் அசட்டையாக நிற்கிறார்கள் என்று கயிற்றை எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம், "என்மேல் கார் ஏறினால், காருக்கு ஏற்படும் சேதத்துக்கு நானே பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டால்தான் முத்திரை. அடிபட்டவருக்கு ஒன்று வீதம் கற்கள் பெருகிப் பதினொன்று ஆயின. திருப்பத்தைப் பார்த்தால் யாரோ பாதியில் விட்டுப்போன சுடுகாடு மாதிரி இருந்தது.

தங்கப்பழம் அமைச்சரைப் பார்க்கப் போனாள்.

"ஐயா, அரசர் மேடைக்கு முன்னால அஞ்சு வரிசை டயரு அடுக்கியிருக்கு. ஒத்த வரிசைய எங்க திருப்பத்துக்குத் தாங்க. எம் புருஷனுக்கு மிச்சம் இருக்கது ஒரு காலுதான்."

அமைச்சர் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அம்மா, மேடையில் இருப்பவர்கள் விருந்தினர்கள். நீங்கள் பார்வையாளர்கள். விருந்தினருக்குப் பாதுகாப்பு, பார்வையாளருக்குப் பொறுப்பு. இரண்டையும் குழப்பினால் நிர்வாகம் நடக்குமா?"

"அப்ப எங்களையும் விருந்தாளின்னு எழுதிக்கிடுங்க."

"அதற்கு அழைப்பிதழ் வேண்டுமே."

"சுவராவது கட்டித் தாங்கய்யா."

"சுவர்தான் பதினொன்று இருக்கிறதே!" என்று அமைச்சர் அரசிதழைத் திறந்து காட்டினார். உண்மையிலேயே இருந்தது, படத்துடன்.

வீட்டுக்கு வந்தவளிடம் உலகு கேட்டான். "என்னட்டி சொன்னாவ?"

"நம்ம வாசல்ல பதினோரு சுவரு இருக்காம்."

உலகு ஊன்றுகோலை ஊன்றி எட்டிப் பார்த்தான். "அங்கொண்ணும் இங்கொண்ணுமால்லா நிக்கி" என்றான்.

அவன் சும்மா சொன்னான். அவள் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஈடு பஜ்ஜி கருகியது என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னதால் தெரியும்.

பந்தயத்துக்கு முன்னால் தெருக்காரர்கள் அடிக்கற்களைக் கழுவி மாலை போட வேண்டும் என்பது பழைய ஆணை. அந்த வருஷம் கொண்டைத் திருப்பத்தில் கழுவுவதற்குக் கடப்பாரையோடு வந்தார்கள். ரோந்து வந்த அதிகாரி ஜீப்பை நிறுத்தினார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"கல்லக் குளிப்பாட்டுதோம் ஐயா" என்றாள் தங்கப்பழம். "அரசர் பேருக்குப் பின்னால ஒரே மண்ணு. பாத்தா மனசு கேக்கல."

அதிகாரி நெகிழ்ந்துபோய்விட்டார். குளித்து முடித்த கற்கள் திரும்ப நின்றபோது இடைவெளி இல்லாமல் ஒரே வரிசையில் நின்றன. மாலைகூட ஒரே மாலைதான், நீளமாக.

மாசி வந்தது. மைத்துனர் வழக்கம்போலத் திருப்பத்தை மறந்தார். கார் கல்லில் மோதி நின்றது. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. மைத்துனருக்கு மூக்கில் லேசான வீக்கம். முதன்முறையாக வேறு ஒருவர் முதலில் வந்துவிட்டார். ஜெயித்தவர் பயந்துபோய் அன்றைக்கே நாட்டை விட்டு ஓடிவிட்டதாகக் கேள்வி.

"விரைநாட்டின் வரலாற்றிலேயே பெரிய விபத்து இதுதான்" என்றார் நன்னெறிநம்பி. காரின் சிவப்பு பெயிண்டு கல்லில் அரசர் பெயரின் குறுக்கே கீறியிருந்தது. அதுவே தனிக் குற்றம். தெருவுக்கே மூன்று மாத அரிசி நின்றது. பதினொரு கற்களையும் பாலில் கழுவி, லாரியில் ஏற்றி, அரசர் மேடைக்கு முன்னால் டயர்களுக்கு ஆறாவது வரிசையாக நட்டார்கள். விருந்தினர்கள் இப்போது இன்னும் பத்திரம்.

திருப்பம் வெறிச்சோடிப் போயிற்று. ஆகவே அமைச்சர் பன்னிரண்டாவது சுவருக்கு அடிக்கல் நாட்ட வந்தார்.

முத்திரை கிடையாது என்று தெரிந்தும் அன்று கூடிய கூட்டத்தை விரைநாடு அதுவரை பார்த்ததில்லை. பட்டுத் துணியை விலக்கியதும் விசில் பறந்தது. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தினார்கள். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பாசத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

முன்வரிசையிலிருந்து தங்கப்பழம் சொன்னாள். "ஐயா, அடுத்த கல்லு இன்னும் அகலமா போடுங்க. உங்க பேரையும் பெருசா எழுதலாம்லா?"

"அவசியம் அம்மா, அவசியம்" என்றார் அமைச்சர்.

அவர் கார் போனதும் உலகு ஊன்றுகோலைக் கல்லின்மேல் படுக்க வைத்து அளந்தான். "இந்த அகலத்துல இன்னும் ஏழெட்டுக் கல்லு வேணும்ட்டி. மாசிக்குள்ள வந்துருமா?"

"வராம?" என்றாள் அவள். "அதுக்கு முன்னால தேர்தல் வருதுல்லா?"