மேலங்கியின் மடிப்புகள் பிரிந்தது குறித்து மைத்துனருக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகள் பாப்பா மூவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் பற்றிக் கீழே விவரமாகத் தெரிவிக்கிறேன்.

தங்கள் பார்சல் ஆபீசில் பாப்பாவுக்கென்று மாதக் கடைசி வரை ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அதை அப்படியே வைத்திருக்கவும். ஒன்றாம் தேதி வந்து சேர்ந்துவிடுவாள். ஆடை வடிவமைப்புப் படிப்பு அவளுக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவு அல்ல. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

இந்த ஆண்டு அவர்களுக்குத் துணியை வெட்டாமல், உடம்பின் மேலேயே போட்டு, குண்டூசி குத்தி, அது விழுகிற வாகைப் பார்த்து உடையாக்குகிற பாடம். அதோடு மடிப்பு. வெளியே அரை அங்குலம் தெரிந்தால் உள்ளே ஒரு அங்குலம் ஒளிந்திருக்க வேண்டுமாம். ஒரு மீட்டர் அகலத்தை மறைக்க மூன்று மீட்டர் துணி. இதைக் கேட்டதும், இப்படி ஒரு கடைக்காரன் செய்தால் நான் கேஸ் போட்டிருப்பேன் என்றேன். பாப்பா சிரிக்கவில்லை. கடைசித் தேர்வுக்குப் பொத்தானே இல்லாமல், மடிப்பாலேயே உடம்பில் நிற்கிற மேலங்கி ஒன்று செய்து, உயிருள்ள ஆளுக்கு மாட்டிக் காட்ட வேண்டும். கல்லூரியில் துணி போட்டுப் பார்க்கிற பொம்மையை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அளவுக்கு ஆளாக நிற்கத் தங்கள் தங்கையைக் கேட்டாள். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு, சும்மா நிக்கறவரைப் புடி" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள்.

அளவு பொம்மை செய்கிற விதம் இதுதான். ஆளுக்கு ஒரு பழைய பனியனை மாட்டி, அதன் மேல் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பை இடுப்பிலிருந்து கழுத்து வரை சுற்றிக்கொண்டே போய், முதுகில் கத்தரியால் பிளந்து ஆளை வெளியே எடுத்துவிட்டு, கூட்டை மறுபடி ஒட்டி, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, ஸ்டூலில் நிறுத்திவிட வேண்டும். ஒரு மணி நேரம் நின்றேன். நிமிர்ந்துதான் நின்றேன். கூடப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் டேப் சுற்ற வந்திருக்கும்போது மனுஷன் கூன் போட்டுக்கொண்டா நிற்பான்? தங்கள் தங்கை மட்டும் எட்டிப் பார்த்து, "மூச்சு விடுங்க, போய்ச் சேர்ந்துடப் போறீங்க" என்றாள். அவள் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. போன விசேஷத்தில் நாலு பேர் முன்னால், "ஓய்வு மாப்பிள்ளைக்குத்தான், தொப்பைக்கு இல்லை" என்று தாங்கள் சொன்னீர்களே, அதையும் நான் பொருட்படுத்தவில்லை. அன்று நான் சொன்ன இடுப்பளவு முப்பத்தொன்பது அங்குலம் இன்றும் முப்பத்தொன்பதுதான். வேண்டுமானால் பொம்மையை அளந்து பார்க்கலாம்.

பொம்மை ஹாலில் மூன்று வாரம் நின்றது. கூரியர்க்காரர் தலை இல்லாததைக் கவனிக்காமல் அதனிடம் கையெழுத்துக் கேட்டார். தங்கள் தங்கை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கீரை ஆய்ந்தாள். "இவர் குறுக்கே பேசறதில்ல" என்று காரணமும் சொன்னாள். பாப்பா அதன் மேல் நாற்பத்தாறு மடிப்பு வைத்தாள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. எனக்கே பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேர்வன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி, மேலங்கியை மாட்டிக்கொண்டு நடந்தேன். நாலு அடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஊசி மேடம் (அவர்கள் டீச்சர், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும்) வாயிலிருந்த ஊசியை எல்லாம் எடுத்துவிட்டுச் சிரித்தார். அப்போது வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மரியாதைக்காக, "சார் என்ன வேலையில இருந்தீங்க?" என்று கேட்டார். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? "எடை அளவு ஆய்வாளர்" என்றேன். "ஆய்வாளர்" வருவதற்குள் படபடவென்று நாற்பத்தாறு மடிப்பும் வாயைப் பிளந்துவிட்டன. தையல் விட்டு உள்ளே போட்டிருந்த பனியன் தெரிந்தது. நூல் மட்டமான நூல் என்பது என் அபிப்பிராயம். ஊசி மேடம் மட்டும், "மடிப்பு நல்லா இருக்கு, அளவுதான் எங்கயோ தப்பு. வியாழக்கிழமை மறுபடி காட்டட்டும்" என்றார். கை வராத பிள்ளையை ஏன் இரண்டு தடவை வதைக்க வேண்டும் என்று நான்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே நாற்காலி விஷயம் மேற்சொன்னபடி. மின்விசிறிக்குக் கீழே உள்ளதாகப் பார்த்துக் கொடுக்கவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மறவாத,
தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி ஹாலுக்குப் போனேன். பாப்பா தரையில உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாப் பிரிச்சு அளந்துகிட்டு இருந்தா. வெளியே அரை, உள்ளே ஒண்ணு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. "எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலப்பா. எனக்குக் கை வரல போல. மாமா ஆபீசுக்கே போயிடறேன்"னு சொல்லிட்டு மறுபடி முதல்லேர்ந்து அளக்க ஆரம்பிச்சா. எனக்குத் தாங்கல மச்சான். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் படிக்கல்லைத் தூக்கிப் பார்த்து அபராதம் போட்டவன் நான். சொல்லிட்டேன். "அன்னைக்கு ஒரு மணி நேரமும் வயித்தை உள்ள இழுத்துகிட்டு நின்னேம்மா. பொம்மைதான் பொய். உன் கை சரியாத்தான் இருக்கு." என்னையே பார்த்தா. அப்புறம் சிரிச்சா, சிரிச்சுகிட்டே அழுதா. அடுப்படியிலேர்ந்து உங்க தங்கச்சி, "எனக்கு அப்பவே தெரியும்"னு குரல் குடுத்தா. தெரிஞ்சவ சொல்லக் கூடாதா?

ஊசி மேடத்துக்கு நானே போன் பண்ணிப் பேசிட்டேன். வியாழக்கிழமை உண்டு. திரும்ப எழுதப் பொறுமை இல்லை, மேலே இருக்கிறதை எல்லாம் அடிச்சுட்டதா வெச்சுப் படிங்க. நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இதை எழுதறப்போ பாப்பா என்னைச் சுத்திச் சுத்தி டேப் ஒட்டிகிட்டு இருக்கா. அந்த ரெண்டு பொண்ணுங்களும் வந்திருக்கு. மூச்சை முழுசா விட்டுட்டுத்தான் நிக்கறேன்.

நாற்பத்து மூன்றேகால்.